வாயால் சொன்னதும் தாளில் எழுதியதும்: கடன் பத்திரத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போடுவோருக்கு

"ஒரு வருஷத்துக்குக் கேக்கவே மாட்டேன் தம்பி, சும்மா ஒரு ஆதாரத்துக்குத்தான் இந்த நோட்டு." சென்னையில் புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு) கைமாறுகிற இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. எட்டாம் மாதம் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. கடன் வாங்கியவர் கோர்ட்டில் போய், "ஒரு வருஷம் கேட்கமாட்டேன் என்று சொன்னாரே" என்கிறார். சொன்னது உண்மையாகவே இருக்கலாம், கூட இருந்த இரண்டு பேர் சாட்சி சொல்லவும் தயாராக இருக்கலாம். ஆனால் அந்தச் சாட்சியத்தையே சட்டம் உள்ளே விடாது.

எப்போது விடாது, எப்போது விடும், விடாத இடத்தில் முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. மனதில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்த வாக்கு கையெழுத்துக்கு முன்பு சொன்னதா, பின்பு சொன்னதா?

விதி என்ன சொல்கிறது

1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தில் 92-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம், 2023-இல் 95-வது பிரிவாக இருக்கிறது. எண் மாறினாலும் விதி மாறவில்லை. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை எழுத்தில் வைத்துவிட்டால், அவற்றை மறுக்கவோ மாற்றவோ கூட்டவோ குறைக்கவோ "வாயால் இப்படிப் பேசிக்கொண்டோம்" என்று அந்தத் தரப்பினர் ஒருவர்மேல் ஒருவர் சாட்சியம் கொடுக்க முடியாது. பழைய சட்டமே கொடுத்த உதாரணம் கடன்காரனின் கதைதான்: மார்ச் 1-ஆம் தேதி 1,000 ரூபாய் தருகிறேன் என்று ஒருவர் நிபந்தனை இல்லாமல் எழுதிக் கொடுக்கிறார், மார்ச் 31 வரை தர வேண்டாம் என்று அதே சமயத்தில் வாயால் பேசிக்கொண்டதை நிரூபிக்க முடியாது.

கடனை எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வாயால் பேசிய கைமாத்தும் கடன்தான். ஆனால் எழுதிவிட்டால் எழுத்துக்குத்தான் மரியாதை. முழுக்க வாய்மொழியாக இருந்தபோது உங்களுக்கு இருந்த சாட்சி உரிமை, பேனா தொட்டதும் சுருங்கிவிடுகிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

நோட்டை வரிவரியாகப் படியுங்கள்

கடையில் கிடைக்கும் அச்சடித்த புரோநோட்டில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் ஆர்டர் பெற்றவர்களுக்காவது அசலும் வட்டியும் சேர்த்துச் செலுத்தி இந்த நோட்டை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்." அந்த ஒரே வாக்கியத்துக்குள் மூன்று கண்ணி இருக்கிறது.

"தாங்கள் வேண்டும்போது" என்றால் நாளை காலையே கேட்கலாம் என்று பொருள். "ஒரு வருஷம் கேட்கமாட்டேன்" என்ற பேச்சு இதற்கு நேர் எதிர். அதனால் அது செல்லாது.

"ஆர்டர் பெற்றவர்களுக்காவது" என்றால் அவர் அந்த நோட்டை வேறொருவருக்கு மேடோவர் செய்யலாம், அதாவது எழுதி மாற்றிக் கொடுக்கலாம். உங்களுக்கு வாக்குக் கொடுத்தவர் ஒருவர், பணம் கேட்டு வருபவர் இன்னொருவர். விவரம் தெரியாமல், பணம் கொடுத்து, நாணயமாக நோட்டை வாங்கிய மூன்றாம் மனிதரிடம், "எங்களுக்குள் வேறு பேச்சு இருந்தது" என்பது எடுபடவே எடுபடாது.

மூன்றாவது வட்டி. "நோட்டில் ரெண்டு வட்டி போட்டிருக்கேன், நீங்க ஒரு ரூபா குடுத்தா போதும்" என்பார்கள். 3,00,000 ரூபாய்க்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் 6,000. ஒரு வட்டி என்றால் 3,000. மூன்று வருஷத்தில் வித்தியாசம் 1,08,000 ரூபாய். நோட்டில் உள்ள விகிதத்தைத்தான் கோர்ட் முதலில் பார்க்கும்.

வட்டிக் கட்டத்தை வெறுமையாக விட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். புரோநோட்டு, காசோலை ஆகியவற்றுக்கான செலாவணி முறிச் சட்டம், 1881-இன் 80-வது பிரிவின்படி, நோட்டில் விகிதம் எழுதாவிட்டால், கட்டியிருக்க வேண்டிய நாளிலிருந்து ஆண்டுக்கு 18 சதவீதம் ஓடும். தரப்பினர் தங்களுக்குள் வேறு எப்படிப் பேசியிருந்தாலும் சரி என்று அந்தப் பிரிவே சொல்கிறது. சொந்தக்காரர் வட்டியில்லாமல் கொடுத்த கைமாத்துக்கு நோட்டு எழுதினால், "வட்டி இல்லை" என்ற இரண்டு சொல்லை நோட்டிலேயே எழுதுங்கள். வெற்றுக் கட்டத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டு நிரப்பாமல் கொடுத்த நோட்டை, கையில் வைத்திருப்பவர் நிரப்பிக்கொள்ள அதே சட்டத்தின் 20-வது பிரிவு இடம் தருகிறது. காசோலையும் இப்படித்தான். தானாக விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும் கடனுக்காகத் தந்தது என்றே அனுமானிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பீர் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. "செக்யூரிட்டிக்குத்தான் வாங்கறேன், பேங்க்ல போடமாட்டேன்" என்ற வாக்கின் பலம் அவ்வளவுதான்.

கையெழுத்துக்கு முன்: வாக்கைத் தாளுக்குக் கொண்டுவருவது எப்படி

முதலில், எதிராளி வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். வட்டி எவ்வளவு, எப்போது கேட்பார், முன்கூட்டிக் கட்டினால் கழிவு உண்டா, காசோலையும் பத்திரமும் எப்போது திரும்பி வரும், தவணை தவறினால் எத்தனை நாள் பொறுப்பார். அடுத்து, ஒவ்வொன்றும் பத்திரத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். பத்திரம் அதற்கு மாறாகச் சொல்கிறதா, அல்லது அதைப் பற்றிப் பேசவே இல்லையா என்று பிரித்துக் குறியுங்கள். இந்தப் பிரிப்பு முக்கியம். பத்திரம் மௌனமாக இருக்கும் விஷயத்தில், அதன் நிபந்தனைகளுக்கு முரணாகாத தனி வாய்மொழி ஒப்பந்தத்தை நிரூபிக்கச் சட்டம் இடம் தருகிறது. உதாரணமாக, நோட்டு எழுதிய அன்று வீட்டின் மூலப் பத்திரத்தையும் கொடுத்தீர்கள், கடன் தீர்ந்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சு. நோட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பேச்சைச் சாட்சி வைத்து நிரூபிக்கலாம். ஆனால் பத்திரம் எவ்வளவு முறையாக, விரிவாக எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் கோர்ட் பார்க்கும். கையால் எழுதிய நாலு வரிச் சீட்டில் மௌனத்துக்கு இடம் அதிகம். நாற்பது பக்க வங்கி ஒப்பந்தத்தில், "இதில் இல்லாத எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்ற வரி எங்கேயாவது இருக்கும்.

மாறாக இருப்பதை என்ன செய்வது? வட்டி விகிதம், தொகை, தேதி ஆகியவற்றை நோட்டிலேயே திருத்துங்கள். திருத்திய இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் இடுங்கள். இன்னும் நல்லது, வேறு படிவத்தில் புதிதாக எழுதுவது. நிபந்தனைகளை மட்டும் நோட்டுக்குள் திணிக்காதீர்கள். புரோநோட்டு என்றால் நிபந்தனையில்லாத வாக்குறுதி; "ஊர் நிலம் விற்றதும் தருகிறேன்" என்று எழுதினால் அது புரோநோட்டாகவே இருக்காது. "வேண்டும்போது" என்பதை அடித்துவிட்டுக் கெடுத் தேதி வைத்தால் முத்திரைத் தீர்வை வேறாகிவிடும், ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் போதாது. சரியான முத்திரை இல்லாத புரோநோட்டு சாட்சியத்தில் ஏறாது, அபராதம் கட்டிச் சரிசெய்யவும் வழியில்லை.

ஆகவே நிபந்தனைகளுக்குத் தனியாக ஒரு ஒப்பந்தம், அதே நாளில், கடன் கொடுப்பவரின் கையெழுத்தோடு. வாசகம் இப்படி இருக்கலாம்:

"இன்று தாங்கள் எனக்கு எழுதிக் கொடுத்த ரூ.3,00,000-க்கான புரோநோட்டு சம்பந்தமாக நான் ஒப்புக்கொள்வது: இன்றிலிருந்து ஒரு வருடம் முடியும் வரை அசலைக் கேட்பதில்லை. இந்த நோட்டை யாருக்கும் மேடோவர் செய்வதில்லை. ஈடாகப் பெற்ற, கீழே எண் குறித்த இரண்டு காசோலைகளையும் கடன் பைசலான அன்றே திருப்பித் தருகிறேன். நோட்டின் வாசகம் இதற்கு மாறாக இருந்தாலும் எங்களுக்குள் இந்த ஒப்பந்தமே செல்லும்."

இது எழுத்து. சட்டம் தடுப்பது வாய்மொழியைத்தான். ஒரே நாளில் ஒரே கடனுக்காக எழுதிய இரண்டு தாள்களையும் கோர்ட் சேர்த்துப் படிக்கும். ஒப்பந்தத்துக்கு உரிய முத்திரைத்தாளில் எழுதுங்கள். அன்றைய கட்டணத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். முத்திரை குறைந்துவிட்டாலும் இந்த வகைப் பத்திரத்தை அபராதம் கட்டிக் காப்பாற்றலாம் என்பது கூடுதல் நன்மை.

கடன் கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். ஒரு வருஷம் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டாலும், "வேண்டும்போது" நோட்டின் மூன்று வருஷக் காலக்கெடு நோட்டின் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும் என்று வைத்துக்கொண்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் எழுதித் தர மறுத்தால்? "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால்? அவர் மட்டும் நம்பிக்கையின் பேரில் கொடுக்காமல் உங்களிடம் எழுதி வாங்குகிறாரே! மரியாதையாக, "அண்ணே, நீங்க என்கிட்ட எழுதி வாங்கற மாதிரிதான், எனக்கும் ஒரு வரி" என்று சொல்லுங்கள். அதற்கும் இணங்காதவர் சொன்ன வாக்கை இல்லாததாகவே கணக்கிட்டு, பத்திரத்தில் உள்ளபடியே கட்ட முடியுமா என்று பார்த்து முடிவெடுங்கள்.

பணம் கைக்கு வரும் நாள்

முழுத்தொகையும் வங்கி வழியாக வரட்டும். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவதும் திருப்பிக் கட்டுவதும் வருமான வரிச் சட்டப்படி அபராதத்துக்கு இடம் தரும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சாட்சியம்.

நோட்டில் 1,00,000 என்று எழுதி, முதல் வட்டியும் "செலவும்" பிடித்துக்கொண்டு கையில் 90,000 கொடுப்பது இங்கே சாதாரணம். கோயம்பேடு போன்ற சந்தைகளில் புழங்கும், தினசரி வசூலிக்கும் தண்டல் கடன் முழுக்க இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. இந்த இடத்தில் சட்டம் உங்கள் பக்கம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மோசடி, மிரட்டல், சட்டவிரோதம், தவறான புரிதல், பணமே கைமாறாதது அல்லது குறைவாகக் கைமாறியது ஆகியவை பத்திரத்தின் நிபந்தனையை மாற்றுகிற பேச்சு அல்ல. பத்திரத்தின் அஸ்திவாரத்தையே கேள்வி கேட்பவை. இவற்றை வாய்மொழியாகவும் நிரூபிக்கலாம். ஆனால் புரோநோட்டு என்றாலே பணம் கைமாறியது என்று கோர்ட் அனுமானிக்கும் (செலாவணி முறிச் சட்டம், 118-வது பிரிவு). அந்த அனுமானத்தை உடைக்கும் பாரம் உங்கள் தலையில். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, "இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்" என்று காட்டினால் போதும். வங்கிக் கணக்கில் அதே தேதியில் 90,000 வரவு இருந்தால் அது பாதி வழக்கைச் சொல்லிவிடும். ரொக்கமாக வாங்கியிருந்தால் உங்கள் சொல்லும் அவர் சொல்லும்தான்.

இன்னொரு கதவு: பத்திரமே ஒரு முன்நிபந்தனை நிறைவேறினால்தான் அமலுக்கு வரும் என்ற பேச்சு. "உங்க அண்ணனும் கையெழுத்துப் போட்டாத்தான் இது செல்லும், அதுவரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்" என்று கொடுத்து வைத்த நோட்டு அந்த ரகம். இதை நிரூபிக்கலாம். ஆனால் கடன் தொடங்குவதற்கான நிபந்தனையையும், தொடங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவதற்கான சலுகையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னதற்குக் கதவு திறக்கும், பின்னதற்குத் திறக்காது.

மோசடி என்று சொல்வதிலும் கவனம் வேண்டும். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுத்த வாக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி மோசடிதான். ஆனால் "ஏமாற்றிவிட்டார்" என்று பொதுவாக எழுதினால் கோர்ட் ஏற்காது. யார், எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன வார்த்தை சொன்னார் என்று எதிர்வழக்குரையில் விவரம் வேண்டும். அதனால்தான் பேச்சு நடந்த அன்றே குறித்து வைக்கச் சொல்கிறோம். படிக்கத் தெரிந்தவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பது மோசடி ஆகாது.

வங்கி, நிதி நிறுவனக் கடன்

இங்கே வாக்குக் கொடுப்பவர் பெரும்பாலும் விற்பனைப் பிரதிநிதி. அவர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போயிருப்பார். நல்ல வேளையாக, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கான கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான காலக்கடன்களுக்கும் முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. உங்களுக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்த வருடாந்தர விகிதம் அதில் இருக்கும். ஏழு நாளோ அதற்கு மேலோ ஓடும் கடனுக்கு, அறிக்கையைப் பெற்ற பின் யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் உங்களுக்கு உண்டு. அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் பிடிக்க முடியாது.

பிரதிநிதி "பிராசஸிங் ஃபீஸ் இல்லை", "மூணு மாசம் இஎம்ஐ இல்லை", "எப்ப வேணா அடைக்கலாம், சார்ஜ் கிடையாது" என்றெல்லாம் சொன்னால், அந்த அறிக்கையில் தேடுங்கள். இல்லையென்றால் கிளையின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் முகவரிக்கு நீங்களே எழுதுங்கள்: "இன்று தங்கள் பிரதிநிதி கீழ்க்கண்டவாறு கூறினார். இதன் அடிப்படையில் கையெழுத்திட உள்ளேன். தவறெனில் தெரிவிக்கவும்." பதில் வந்தால் அது எழுத்து. பதில் வராவிட்டால் அந்த வாக்கு இல்லை என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகலை இணைப்புகளோடு கேட்டு வாங்குங்கள். தர வேண்டியது அவர்கள் கடமை. புகார் எழுதி 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448.

ஜாமீன் கையெழுத்து

"ஃபார்மாலிட்டிக்குத்தாங்க, உங்ககிட்ட வரமாட்டோம்." இதை நம்பவே நம்பாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம். முதலில் அவரைக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதும் இல்லை. பொறுப்புக்கு உச்சவரம்பு வேண்டுமானால் ரூபாய்க் கணக்கில் ஜாமீன் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

கிரயம் எழுதிக் கொடுத்துக் கடன் வாங்குவது

இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கே இழப்பது வீடு. கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரமோ, கிரய ஒப்பந்தமோ, பவர் பத்திரமோ எழுதி வாங்கிக்கொண்டு, "பணத்தைக் கட்டினதும் உங்க பேர்லயே திருப்பி எழுதிக் குடுத்துடறேன்மா" என்று வாயால் சொல்வது சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் காலங்காலமாக நடக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-வது பிரிவுப்படி, திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இல்லாவிட்டால் அந்தப் பரிவர்த்தனையை அடமானமாகக் கருத முடியாது. தனித்தாளில் எழுதினால்கூட அடமானம் ஆகாது என்னும்போது, வாய்ப்பேச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மற்றக் கடனில் தனி ஒப்பந்தம் காப்பாற்றும் என்று மேலே சொன்னது இங்கே பொருந்தாது. அதனால்தான் தனியாக எழுதுகிறோம்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கு ஒரு வழி மிச்சம் உண்டு. பத்திரத்தின் நிபந்தனையை மாற்றப் பார்ப்பது வேறு. இந்தப் பத்திரம் விற்பனைக்காக எழுதப்பட்டதே அல்ல, வேறொரு ஏற்பாட்டுக்காகப் பேருக்கு எழுதியது என்று நிரூபிப்பது வேறு. பின்னதற்குத் தடையில்லை என்று சென்னை மாகாணத்திலிருந்து போன தியாகராஜ முதலியார் எதிர் வேதத்தண்ணி வழக்கில், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1936-இல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் 1982-இல் கங்காபாய் வழக்கில் அதை உறுதிசெய்தது. நிரூபிக்கத் தேவையானவை: கிரயத்துக்குப் பிறகும் வீடு உங்கள் அனுபவத்திலேயே இருப்பது, சொத்து வரியும் மின்கட்டணமும் நீங்களே கட்டியது, மாதாமாதம் வட்டி போன வங்கிக் கணக்கு, அன்றைய சந்தை விலைக்கும் பத்திரத் தொகைக்கும் உள்ள பெரிய வித்தியாசம். பதிவான பத்திரத்தை எதிர்த்து நிற்பது கடினமான, நீண்ட வழக்கு. அதனால் இன்னும் எழுதாதவர்கள் எழுத வேண்டாம். வீட்டின்மேல் கடன் வேண்டுமானால் பதிவு செய்த அடமானம், அல்லது மூலப் பத்திரத்தை ஒப்படைத்து அதற்கான குறிப்பாவணத்தைப் பதிவு செய்வது. இரண்டிலும் சொத்து உங்கள் பெயரிலேயே இருக்கும்.

கையெழுத்துக்குப் பின் கொடுத்த வாக்கு

இங்கே நிலைமை மாறுகிறது. ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு அதை ரத்து செய்யவோ மாற்றவோ வாயால் செய்துகொண்ட புதிய ஒப்பந்தத்தை நிரூபிக்கலாம். ஒரே விலக்கு: எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் ஒப்பந்தமோ, பதிவான பத்திரமோ என்றால் முடியாது. புரோநோட்டுக் கடனில் ஆறாம் மாதம் அவர், "கஷ்டம் புரியுது, இனிமே வட்டி வேண்டாம், அசலை மட்டும் குடு" என்றால் அது செல்லும். பதிவு செய்த அடமானத்தில் அதே பேச்சு செல்லாது. அங்கே மாற்றமும் பதிவாக வேண்டும்.

ஒப்பந்தச் சட்டத்தின் 63-வது பிரிவு இதில் கடன்காரருக்குப் பெரிய துணை. பெற வேண்டியவர் தன் பாக்கியைக் குறைக்கலாம், தள்ளலாம், கெடு நீட்டலாம். அதற்குப் பதிலாக நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. சட்டத்தின் உதாரணமே இப்படி: 5,000 ரூபாய்க் கடனில் 2,000 ரூபாயை முழுப் பைசலாக ஏற்றுக்கொண்டால் கடன் முழுவதும் தீர்ந்தது.

செல்லும் என்பது சட்டம், நிரூபிப்பது உங்கள் பாடு. பேச்சு முடிந்த அன்றே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "சார், இன்னைக்குப் பேசினபடி ஜூன் மாசத்திலிருந்து வட்டி இல்லை, பாக்கி அசல் 2,40,000 மட்டும், மாசம் 20,000 வீதம் 12 மாசத்தில் கட்டறேன். சரிங்களா?" "சரி" என்ற ஒரு பதில் போதும். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், கைப்பேசியை மாற்றினாலும் பழையதை வைத்திருங்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்களும், மறு பகுதியில் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்படும். வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரதி எடுத்துக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு தடை சொல்லும்.

மாறாக, கடன் கொடுத்தவருக்கு வாய்மொழி கைகொடுக்காத இடம் காலக்கெடு. "அடுத்த மாசம் கண்டிப்பா தந்துடறேன்" என்று கடன்காரர் நூறு முறை சொன்னாலும் மூன்று வருஷம் நீளாது. கெடு முடிவதற்குள் கையெழுத்திட்ட கடன் ஒப்புதல் வேண்டும், அல்லது பகுதித்தொகை கட்டியதாகக் கடன்காரர் கைப்பட எழுதிய அல்லது கையெழுத்திட்ட குறிப்பு வேண்டும். நோட்டின் பின்பக்கத்தில் "வரவு வைப்பது" இதற்குத்தான். 2024 ஜூன் 10 தேதியிட்ட நோட்டு 2027 ஜூன் 10-உடன் காலாவதி; 2026 மே மாதம் கட்டிய 5,000 ரூபாயை முறையாக வரவு வைத்திருந்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருஷம். கட்டுகிறவர் தொகையையும் தேதியையும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திடட்டும். கையோடு கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும். பின்பக்கத்தில் வெற்றிடம் விட்டுக் கையெழுத்து மட்டும் போடக் கூடாது.

ஈடாகக் காசோலை கொடுத்திருந்தால், ஒவ்வொரு பகுதித்தொகைக்கும் அந்தக் காசோலையிலும் குறிக்கச் சொல்லுங்கள். பகுதி கட்டிய பிறகு, குறிப்பு இல்லாமல் முழுத்தொகைக்குக் காசோலையைப் போட்டால் அது செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவுப்படி காசோலை திரும்பிய குற்றமாகாது என்று 2022-இல் தசரத்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டியதற்கு ஆதாரம் இருந்தால்தான் அந்தத் தீர்ப்பு உதவும்.

நோட்டீஸோ சம்மனோ வந்துவிட்டால்

காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ் என்றால் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். கடனை மறுக்கிறீர்கள் என்றால் அதற்குள் பதில் போய்ச் சேரட்டும். முதல் பதிலில் சொல்லாத வாய்மொழி ஏற்பாட்டை இரண்டு வருஷம் கழித்துச் சாட்சிக் கூண்டில் சொன்னால் "ஜோடித்த கதை" என்பார்கள். நோட்டின்மேல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 37-இன்கீழ், விரைவாக முடிக்கும் சுருக்க வழக்கு என்றால் சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். பிறகு தீர்ப்புக்கான சம்மன் வந்த 10 நாளுக்குள் எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டுப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். தவறினால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகலாம்.

வக்கீலிடம் போகும்போது சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்: பணம் முழுதாகக் கைக்கு வந்ததா, எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள், கையெழுத்துக்குப் பின் என்ன மாற்றம் பேசினீர்கள், காலக்கெடு தாண்டியதா. "முன்னாடியே அப்படிச் சொன்னாருங்க" என்பது கடைசியில் வரட்டும். பலமானது முன்னால் நிற்க வேண்டும். கட்டிய பணம் நிபந்தனையை மாற்றுகிற விஷயம் அல்ல, நடந்த சம்பவம். அதற்கு எந்தச் சாட்சியமும் கொடுக்கலாம், ரசீது இல்லாவிட்டாலும்கூட. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று மிரட்டினால் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், 2003 இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-க்கு அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைக் கேட்கலாம்; பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

பைசல் செய்யும் நாள்

கடைசித் தவணையைக் கொடுக்கும் அதே கையால் அசல் நோட்டையும் காசோலைகளையும் வாங்குங்கள். "வீட்ல எங்கயோ இருக்கு, தேடி அனுப்பறேன்" என்றால் பணத்தை நிறுத்துங்கள். உண்மையாகவே தொலைந்திருந்தால் இப்படி எழுதி, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப்மேல் அவர் கையெழுத்து வாங்குங்கள்: "இன்ன தேதியிட்ட ரூ.3,00,000 புரோநோட்டின் அசலும் வட்டியும் இன்று வரை முழுதும் வரவாகிப் பைசலாயிற்று. அசல் நோட்டு என் வசம் காணவில்லை. கிடைத்தால் அது செல்லாது. அதை நான் யாருக்கும் மேடோவர் செய்யவில்லை. இன்ன எண்ணுள்ள காசோலைகளும் செல்லாது." அந்தக் காசோலைகளுக்கு அன்றே வங்கியில் பணம் நிறுத்த உத்தரவு கொடுங்கள்.

வங்கியில் கடன் முடிந்தால் சொத்துப் பத்திரங்களை 30 நாளுக்குள் அவர்கள் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டு, அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.